நடுவில் கோடு போட்ட ஏழு

எங்கள் சரகத்தில் கொலை என்றால்
பட்டாக்கத்தி, இல்லையா மீன் வெட்டும் கத்தி.
கத்தியிடம் யாரும் பூர்வீகம் கேட்பதில்லை.
துப்பாக்கி அப்படியில்லை.
நம்மில் பாதிப் பேரைவிடச் சுத்தமாகக்
காகிதம் வைத்திருக்கும் சாமான் அது.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் டில்லிபாபு
விடியக்காலை நாலேகாலுக்கு
விசைப்படகுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்.
ஒரே குண்டு.
ஐஸும் ரத்தமும் சேர்ந்து ஓடியதில்
எது எவ்வளவு என்று மகஸரில் எழுத வரவில்லை.

மூன்றாம் நாள் வலையில் வந்தது ரிவால்வர்,
குழலுக்குள் ஒரு நண்டுக்குஞ்சோடு.
எண்ணை அரம் போட்டு ராவியிருந்தார்கள்.
மயிலாப்பூர் ஆய்வகத்தில் அமிலம் தடவியதும்
இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றனவாம்.
இரும்பில் விழுந்த அடி
மேல்தோலைச் சீவினாலும் உள்ளே இருக்கும் என்று
தொலைபேசியில் அந்த மேடம் விளக்கினார்.
சரிங்க மேடம் என்று குறித்துக்கொண்டேன்.

கான்பூர் தொழிற்சாலை.
மவுண்ட் ரோடு ஆயுதக் கடை: பில் மக்கிவிட்டது,
கார்பன் தாள் மட்டும் இன்னும் நீலமாக.
தொண்ணூற்றி நாலில் வாங்கியவர்
எம்.சி. ரோடு அடகுக்கடை ஹஸ்திமல்.
ஒருநாளும் சுட்டதில்லை.
தீபாவளிக்கு எடுத்துத் துடைத்துக்
குங்குமம் வைத்துப் பூட்டுவாராம்.

மகன் மகாவீர் அசல் வண்ணாரப்பேட்டைத் தமிழில் சொன்னான்:
"பாபுஜி செத்தப்புறம் எலெக்‌ஷன் வந்துச்சு.
டேஷன்ல குடுக்க சொன்னாங்கோ. குடுத்துட்டேன்."
"திரும்ப வாங்கலையா?"
"லைசென்ஸே பூட்ச்சி, எதுக்குக்கா?"
ஊருக்கெல்லாம் ரசீது எழுதிய குடும்பம்,
எங்கள் ரசீதையும் வைத்திருந்தது
காலாவதியான உரிமத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில்.

எந்த டேஷன்?
இந்த டேஷன்.

மாடி அறையில் பதிவேடு,
வெள்ளத்தில் ஊறிக் காய்ந்து அப்பளம்போல.
வரிசை எண் 27. ரிவால்வர் ஒன்று. பெறப்பட்டது.
கடைசிக் கட்டத்தில்,
உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.
கையெழுத்துக்கு ஒரு கிறுக்கல்.
ஏழுக்கு நடுவில் சின்னதாய் ஒரு கோடு.

இந்த நிலையத்தில் ஏழை அப்படி எழுதுவது
நான் ஒருத்திதான்.

மறுநாள் தணிக்கை.
ஏட்டில் பன்னிரண்டு, அலமாரியில் பதினொன்று.
அப்போதிருந்த ஐயா டீயை ஆற்றியபடியே சொன்னார்:
"சேட்டு மகன் வாங்கிட்டுப் போயிட்டான்னு போட்டுரு ஜெகதா.
அவன் கேக்கவா போறான்?"
போட்டேன்.
கணக்கு நேரானது.
அன்று சாயங்காலம் பஸ்ஸில்
உட்கார இடம்கூடக் கிடைத்தது.

அந்த அலமாரியிலிருந்து படகுத்துறைக்கு
நடந்தால் இருபது நிமிடம்.
அது ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டது.

பெஞ்சில் எஸ்தர் இருக்கிறாள், டில்லிபாபுவின் மனைவி.
கொன்றது யார் என்றுகூடக் கேட்பதில்லை.
அவன் போன் வேண்டும்.
பிள்ளை முதல்முதலாய்ப் பேசியது அதில்தான் இருக்கிறதாம்.
வழக்குச் சொத்தும்மா, கோர்ட்டில்தான் கேக்கணும் என்கிறேன்.
"எழுதி வச்சிருக்கீங்கல்ல?
காணாமப் போயிடாதே?"

புது இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல அறிக்கை எழுதுகிறேன்.
வயது குறைவு; வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து நடப்பவர்.
"ஹஸ்திமல் மகன்கிட்டருந்து நிலையத்துக்கு.
அங்கருந்து யார் கைக்கு?"
பேனா நின்றது.
"சரி, முதல்ல தேதியப் போடுங்க."

இன்று பதினேழு.
ஒன்று போட்டேன். ஏழு போட்டேன்.
கோடு வேண்டாம் என்று
நினைத்து முடிப்பதற்குள்
கை போட்டுவிட்டது.

பதிவேடு பக்கத்திலேயே திறந்து கிடந்தது.
அவர் குனிந்தார்.
வெளியே எஸ்தர் யாரிடமோ
தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.